அண்ணனுக்கு 15, பிரெஞ்சுக்கு 50

செத்தவீட்டிலாவது விடுவார்கள் என்று நினைத்தேன். போன கிழமை பேசாலையில் ஒரு அடக்கம். பெட்டியைக் கோயிலுக்கு இன்னும் எடுக்கவில்லை, பக்கத்துக் கதிரைக்காரர் என் காதுக்குள் குனிந்து, "தம்பி, நீங்கள் என்ன மாதிரி, எக்ஸ்பிரஸ் என்ட்ரியோ, விசிட்டரோ?" என்றார். ஒரு புள்ளியும் இல்லாமல் பயணம் போனவர் முன்னால் படுத்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

மன்னார்த் தீவில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். வாடியில் வலை பின்னுகிறவருக்கு அவுஸ்திரேலியாவின் 189, 190, 491 விசா மூன்றும் லொத்தர் இலக்கம் போல மனப்பாடம். அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. எந்த வழி உண்மையிலேயே நல்லது என்பதை முடிக்கமுன் சொல்லிவிடுகிறேன். அதற்கிடையில் கனடாக்காரரின் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்று 2015இல் தொடங்கிய கணக்கு, மொத்தம் 1200 புள்ளி. 20 முதல் 29 வயது வரையான தனி ஆளுக்கு வயதுக்கு மட்டும் 110. கலியாணம் கட்டி மனிசியையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் 100. அவவின் படிப்பையும் ஆங்கிலத்தையும் காட்டி அந்தப் பத்தை மீட்கலாமாம். இதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். அன்றிரவு புட்டுக்குச் சம்பல் வரவில்லை. 30 தொட்டதும் அந்த 100 வருடம் ஐந்தாகத் தேய்கிறது, 40க்குப் பிறகு பத்துப் பத்தாகக் கொட்டுகிறது, 44இல் ஐந்து மிஞ்சும், 45இல் பூச்சியம். எனக்கு 46. பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கு 700க்கு மேல் என்கிறார்கள். அந்த அட்டவணையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மார்க்.

இனிச் சகோதரம். கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கிற அண்ணனோ தங்கச்சியோ இருந்தால் 15. ஒருவர் இருந்தாலும் 15, ஏழு பேர் இருந்தாலும் 15. காணிப் பிரச்சினையில் வருடக்கணக்காக முகம் பாராத என் அண்ணனுக்கும் அதே 15. அவன் என்னோடு பேசுகிறானா என்று படிவத்தில் கேள்வி இல்லை, ஆனால் சகோதரம் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழும், அங்கே இருக்கிறான் என்று காட்ட அவனுடைய கடதாசியும் வேண்டும். கடதாசிக்கு அவனைத்தான் கேட்க வேண்டும். பிரான்சில் தங்கச்சி இருக்கிறாள், தவறாமல் காசு அனுப்புகிறவள், அவளுக்குப் பூச்சியம். ஆனால் அவள் இருக்கிற ஊர்ப் பாஷையை நான் ஒழுங்காகப் படித்து, ஆங்கிலமும் ஓரளவு காட்டினால் மேலதிகமாக 50! அண்ணனிடம் போய் நிற்பதா, பிரெஞ்சு வினைச்சொற்களைப் பாடமாக்குவதா? யோசித்துப் பார்த்தேன். பிரெஞ்சு லேசு.

முந்தி வேலைக் கடிதத்துக்கு 50, பெரிய பதவி என்றால் 200 கிடைத்தது. கடிதம் விற்கிற யாவாரம் பெருத்துவிட்டதென்று 2025 மார்ச் 25ஆம் திகதி அதையும் தூக்கிவிட்டார்கள். லண்டன் கெயார் விசாவும் அப்படித்தான். 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிவராதே என்றார்கள், 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து நீயும் வராதே என்றார்கள். ஒரு வழி இருக்கிறதென்று மன்னாரில் கடைசி ஆளுக்கும் தெரியவரும்போது அந்தப் பக்கத்தில் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். பூட்டின கதவுக்கும் முற்பணம் வாங்க ஒருவர் இருப்பார், கொடுக்க மூன்று பேர் நிற்பார்கள்.

பயணம் எங்களுக்குப் புதிதில்லை. 1914இலிருந்து கொழும்புக் கோட்டையில் ரயிலேறித் தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் திரும்பவும் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போன இடம் இது. 1964 டிசம்பர்ப் புயலோடு தனுஷ்கோடி போயிற்று. 1990இல் போருக்குப் பயந்து இதே கரையிலிருந்து சனம் இரவிரவாகப் படகேறியது. 2022இல் அரிசியும் பால்மாவும் வாங்க முடியாமல் திரும்பவும் ஏறியது. வயதுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டு யாரும் ஏறவில்லை. அந்த வழிக்கு இலக்கமும் இல்லை, மண்டபம் அகதி முகாம்தான் இருந்தது. இதைச் செத்தவீட்டில் அந்தப் பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொன்னேன். "அது சரி தம்பி, விசிட்டருக்கு பாங்கில எவ்வளவு காட்ட வேணும்?" என்றார்.

நல்ல வழி எதென்று சொல்ல வந்தேன், பொறுங்கள், படலையில் யாரோ "போன்ஜூர்" என்கிறார்கள். மீன்காரர்தான், அடுத்த மாதம் அவருக்குச் சோதனை. இப்போதெல்லாம் விலையையும் அந்தப் பாஷையிலேயே சொல்கிறார், குறைத்துக் கேட்க வழியில்லை.