வீலர் வீட்டில் என்ன குறைச்சல்?

'ரெவல்யூஷனரி ரோட்' படத்துக்கு 2009 ஜனவரியில் நாங்கள் போனதற்கு ஒரே காரணம் 'டைட்டானிக்'. டிகாப்ரியோவும் கேட் வின்ஸ்லெட்டும் மறுபடி ஜோடி. அந்தக் கப்பல் ஒழுங்காகக் கரை சேர்ந்திருந்தால் இரண்டு பேரும் எப்படிக் குடித்தனம் நடத்தியிருப்பார்கள் என்று பார்க்கும் ஆசை. இயக்குநர் சாம் மெண்டிஸ் அப்போது வின்ஸ்லெட்டின் நிஜக் கணவர் என்பதை அறைத்தோழன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அடுத்த வருஷம் அவர்களும் பிரிந்தார்கள். அதையும் அவன்தான் வந்து சொன்னான்.

படத்துக்கு மூலம், 1961-இல் வெளிவந்த ரிச்சர்ட் யேட்ஸின் நாவல். கதை நடப்பது 1955-இல், கனெக்டிகட் புறநகரில். வெள்ளை வீடு, புல்தரை, கார், இரண்டு குழந்தைகள். ஃபிராங்க் வீலர் நியூயார்க்கில் ஒரு பிசினஸ் மெஷின் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அப்பா வேலை பார்த்த அதே கம்பெனி. வேலை பிடிக்கவில்லை, பிடிக்காத வேலையில் பதவி உயர்வு வேறு வருகிறது. நடிகையாக நினைத்து ஆகாமல் போன மனைவி ஏப்ரல், "பாரிஸ் போய்விடலாம், நான் செக்ரட்டரி வேலை பார்த்துச் சம்பாதிக்கிறேன், நீ உனக்கு என்ன வேண்டும் என்று யோசி" என்கிறாள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்களோ படிப்பு முடிய ஒரு செமஸ்டர் பாக்கியிருந்த ஸ்டூடன்ட் விசாக்காரர்கள். அந்த மாதம் அமெரிக்காவில் வேலையின்மை 7.8 சதவீதம், அக்டோபரில் பத்தைத் தொட்டது. சில நாட்களிலேயே தீர்ந்துபோகும் எச்-1பி வேலை விசா கோட்டா, விண்ணப்பிக்கக் கம்பெனிகள் இல்லாமல் அந்த வருஷம் டிசம்பர் வரை இழுத்தது. பதவி உயர்வுக் காட்சியில் அறைத்தோழன் என் காதில் சொன்னான்: "மச்சி, இவனுக்கு வேணாம்னா என் ரெஸ்யூமை உள்ள குடுக்கச் சொல்லுடா."

கடைசியில் ஏப்ரல், வேண்டாத கர்ப்பத்தை வீட்டிலேயே தானாகக் கலைக்கப்போய் ரத்தப்போக்கில் செத்துப்போகிறாள். திரும்பி வரும்போது காரில் நாங்கள் அலசியது அந்த வீடு இன்றைக்கு என்ன விலை போகும் என்பதை. ஏப்ரலைப் பற்றிய தீர்ப்பு ஒரே வார்த்தையில் முடிந்தது: கொழுப்பு.

இப்போது நான் இருப்பது அதே கனெக்டிகட்டில், நார்வாக்கில். படத்தின் சில காட்சிகளை எடுத்த டேரியன் பக்கத்து ஊர். ஃபிராங்க் இறங்கும் கிராண்ட் சென்ட்ரலில்தான் நானும் இறங்குகிறேன். அவன் காலத்தில் எல்லார் தலையிலும் தொப்பி. இப்போது எல்லார் காதிலும் இயர்போன். வேலை பிடிக்காவிட்டாலும் அவனைப் போல வாய்விட்டுச் சொல்ல முடியாது. விட்டால், எச்-1பியில் அடுத்த வேலை தேட 60 நாள்தான் அவகாசம்.

என் மனைவி இந்த ஊருக்கு, எச்-1பிக்காரரின் மனைவி என்ற முறையில், எச்-4 விசாவில் வந்தாள். கோயம்புத்தூரில் எம்.இ. படித்து, சென்னையில் டீம் லீடாக இருந்தவள். இங்கே வேலை பார்க்கக் கூடாது, சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது. கையில் சொந்தமாக இருந்தது ஒரு லைப்ரரி கார்டு. க்ரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களின் மனைவிமாருக்காவது வேலை பார்க்க அனுமதி வந்தது 2015 மே மாதம். அதுவரை செவ்வாய்க்கிழமைதோறும் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நிற்பாள். படத்திலும் ஏப்ரல் அப்படித்தான் நிற்பாள். தெரு நெடுக ஒரே மாதிரித் தொட்டிகள். தியேட்டரில் அந்த இடத்தில் நான் பாப்கார்ன் வாங்கப் போயிருந்தேன்.

போன குளிர்காலத்தில் அந்தப் படத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம். பாரிஸ் பேச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "வொர்க் பர்மிட்?" அடுத்தது, "அவ சம்பாதிச்சுப் போடறேங்கறா, இவனுக்கு யோசிக்க இவ்ளோ நேரமா?" சண்டைக் காட்சிகளில் அவளுக்குச் சுவாரசியம் இல்லை. நான் கவனித்ததோ வேறு. ஒரே சம்பளத்தில் வீடு, கார், இரண்டு பிள்ளைகள். ஆபீஸ் விட்டால் ஆபீஸ் விட்டதுதான், ராத்திரி போன் கிடையாது. பொறாமைப்பட அந்தப் படத்தில் எனக்கு இன்னும் ஏதாவது மிச்சம் இருந்துகொண்டே இருக்கிறது.

படம் முடியும் இடத்தில், வீடு விற்றுக்கொடுத்த கிவிங்ஸ் அம்மாள் வீலர் தம்பதியைப் பற்றி மூச்சுவிடாமல் குறை பேசுகிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் அவள் கணவர் தன் காதுக்கருவியின் சத்தத்தை மெல்லக் குறைத்துக்கொள்கிறார். இதில் ஒரு பெரிய தத்துவம் இருப்பதாக எனக்குப் பட்டது. அதை விளக்க ஆரம்பித்தபோது மணி ஒன்பது. பெங்களூர் டீமுடன் அவளுக்கு மீட்டிங். என்னைவிட அதிகச் சம்பளம் தரும் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "மியூட்லதான் இருக்கேன், நீங்க சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். நடுநடுவே தலையாட்டினாள். எனக்கா பெங்களூருக்கா, கேட்டுக்கொள்ளவில்லை.