முதல் பெஞ்சு வைத்தியம்

காது கேளாத பிள்ளையையும் மற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கவைக்கச் சொல்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். நம் வாத்தியார்மார் சேர்த்துக்கொண்டார்கள், முதல் பெஞ்சில். அத்தோடு கடமை முடிந்தது.

வகுப்பறை இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குமரி மாவட்டத்துத் தகரக் கூரைக்கு அது எப்படித் தெரியும்? இங்கே இரண்டு பருவமழையும் கொட்டும். போதாக்குறைக்கு, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு. காதுக் கருவியோ பாரபட்சம் பார்ப்பதில்லை; வாத்தியார் குரல், பெஞ்சு இழுபடும் சத்தம், நாகர்கோவில் பஸ்ஸின் ஹாரன் என எல்லாவற்றையும் பெரிதாக்கி உள்ளே தள்ளும்.

பிள்ளை உதட்டைப் பார்க்கும். வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துவார். பிறகு திரும்பி, “புரிஞ்சுதா மக்கா?” என்பார். மற்றவர்கள் ஆட்டுவதைப் பார்த்துப் பிள்ளையும் தலையாட்டும்.

“நல்ல அடக்கமான பிள்ளை” என்று அம்மாவிடம் சான்றிதழ் வேறு.