வெளிக்கிட்டாச்சோ?

கேள்வி: சென்னையிலிருந்து வந்த மருமகளிடம் “பிள்ளை, வெளிக்கிட்டாச்சோ?” என்று கேட்டேன். முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள். நான் என்ன பிழையாகக் கேட்டேன்?
– ஒரு மாமி, சாம்பல்தீவு

பதில்: பாவம், அவள் காதில் விழுந்தது ‘வெளிக்கு’ மட்டும்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘வெளிக்குப் போவது’ என்றால் சொம்போடு ஒதுக்குப்புறம் போவது. மாமியார் அதையெல்லாமா விசாரிப்பார் என்று பதறியிருப்பாள்.

நமக்கோ சீலை உடுத்திப் பொட்டு வைப்பதும் வெளிக்கிடுவதுதான். படலையைத் தாண்டிக் கிளம்புவதும் வெளிக்கிடுவதுதான். இது பெரிய வசதி. கலியாண வீட்டிலிருந்து ஃபோன் வந்தால், தலை வாரிக்கொண்டே “நாங்கள் வெளிக்கிடுறம்” என்று சொல்லலாம். பொய்யில்லை. (என் வீட்டில் இதை வைத்தே பல வருடம் ஓடுகிறது.)

மருமகளுக்கு விளங்கப்படுத்த அகராதி தேவையில்லை, பஸ்ஸில் ஏற்றுங்கள். உங்கள் ஊருக்குத் தெற்கே உப்புவெளி, வடக்கே நிலாவெளி. இரண்டிலும் வெளி என்பது திறந்த நிலம். வயலோடு சேர்ந்தால் வயல்வெளி, விண்ணோடு சேர்ந்தால் விண்வெளி. வினாத்தாள் வெளியானால் ரகசியம் போச்சு. சிதம்பரத்திலோ திரையை விலக்கினால் தெரியும் வெளிதான் ரகசியமே!

எல்லாம் கேட்டுவிட்டு, “சரி அத்தை, சாம்பல்தீவில் தீவு எங்கே?” என்று அவள் ஆரம்பிப்பாள். அதற்கு முன் நீங்கள் வெளிக்கிட்டுவிடுங்கள்.