சும்மாடும் இடுப்புப் பட்டியும்

என் மருமகனுக்கு மான் வேட்டை நவம்பரில். பை வேட்டை ஓகஸ்டிலேயே தொடங்கிவிட்டது.

ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. வேலையிடத்துக் கூட்டாளிகளோடு சேர்ந்து வேட்டைப் பயிற்சி, துப்பாக்கி அனுமதி, வேட்டை அட்டை எல்லாவற்றையும் சோதனை எழுதி எடுத்துவிட்டான். பைக்கு மட்டும் சோதனை கிடையாது. அதனால் படித்துக்கொண்டே இருந்தான். கொள்ளளவு 35 லீற்றரா, 60 லீற்றரா? சட்டகம் அலுமினியமா, காபன் நாரா? துணி கிளையில் உரசினால் சத்தம் வருமா? அவனுடைய அக்காவின் கலியாணத்துக்கு மண்டபம் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரணை நடக்கவில்லை. ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு என்னை அழைத்தான்.

"மாமா, நீங்கள் வன்னியிலை வேட்டைக்குப் போனனீங்கள்தானே. என்ன பை கொண்டுபோனனீங்கள்?"

"உரப்பை" என்றேன். அது எந்தக் கம்பனி என்று கேட்டான். உரக் கூட்டுத்தாபனம் என்று சொல்லிவைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குளமும் வயலும் முடிகிற இடத்தில் காடு தொடங்கும் ஊர். என்னை வேட்டைக்குக் கூட்டிப்போன குஞ்சையாவின் சாமான் முழுவதையும் ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம்: இடியன் துவக்கு, மருந்தும் சன்னமும் வைத்த பழைய மா டின், கத்தி, வெற்றிலை, தோளில் ஒரு சால்வை. உரப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்திருப்பது என் பதவி. போகும்போது அதில் ஒன்றும் இருக்காது. சோறு கட்டிக்கொண்டு போனால் மிருகம் படாது என்பது குஞ்சையாவின் கட்சி. பாலைப்பழக் காலமென்றால் கவலையில்லை. மற்றக் காலங்களில் பசிதான்.

பன்றி விழுந்தால் வேலை சுலபம். ஆத்திப் பட்டையை உரித்து நார் எடுத்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, தடியைக் கோத்து இரண்டு பேர் தோளில் ஏற்றினால் சரி. ஒருவர் உயரம், மற்றவர் கட்டை என்றால் பன்றி வழுக்கி வழுக்கிக் கட்டையரிடமே போய்ச்சேரும். அதனால் தடிக்குச் சோடி பார்த்துத்தான் ஆள் பிடிப்பார்கள்.

மரை விழுந்தால்தான் பாடு. வளர்ந்த ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும். அதற்குத் தடி காணாது. குஞ்சையா என்னை ஊருக்கு ஓடவிடுவார். கூப்பாடு போடக்கூடாது. வேலிக்கு வேலி நின்று "குஞ்சையா வரட்டாம்" என்று மட்டும் சொல்லவேண்டும். வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக்கான சட்டம் 1937இலேயே வந்துவிட்டது. குஞ்சையாவிடம் அனுமதிப் பத்திரம் எதுவும் இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சாக்கும் கத்தியுமாக வந்து நிற்பார்கள். இலைகுழை வெட்டி விரித்து, சந்து, விலா, ஈரல் என்று பிரித்து ஆளுக்கொரு சுமை. சணல் சாக்கு இறைச்சிக்கு நல்லது, காற்றுப் போய்வரும். உரப்பைக்குள் போட்டதுதான் முதலில் மணக்கும் என்று பெரியவர்கள் என் பதவியை நக்கலடிப்பார்கள்.

சால்வையை முறுக்கிச் சும்மாடு கோலி, பாரத்தைத் தலையில் ஏற்றுவது வழக்கம். சுமக்கும் கலையில் குஞ்சையா எனக்குத் தந்த பாடம் ஒன்றுதான். "குனியாதை தம்பி. கழுத்தை நிமித்திக்கொண்டு நட. குனிஞ்சியெண்டால் பாரம் உன்னைக் கூட்டிக்கொண்டு போயிடும்."

இனி ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு பெரிய கடை. விற்பனைக்கு நின்ற பிள்ளை அளவு நாடாவை எடுத்து, மருமகனின் பிடரியில் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்தாள். பைக்கு ஆளின் உயரம் கணக்கில்லை, முதுகின் நீளம்தான் கணக்கு. பிறகு மணல் மூட்டைகளைப் போட்டு 20 கிலோவாக்கி அவன் முதுகில் ஏற்றினாள். முதலில் இடுப்புப் பட்டியை இறுக்கவேண்டும். பாரத்தின் பெரும்பங்கு அங்கே இறங்கும், மிச்சம்தான் தோளுக்கு. கனமான பொருள் முதுகோடு ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் நிற்கவேண்டும். பின்னுக்குத் தொங்கினால் ஆள் குனிவார். குனிந்தால் பாரம் ஆளை இழுக்கும் என்றாள். இதை ஆங்கிலத்தில் கேட்கும்போது இன்னும் விலை உயர்ந்ததாகத் தெரிந்தது.

கடைசியாக அந்தப் பையின் முக்கிய வித்தையைக் காட்டினாள். கொளுவிகளைத் தளர்த்தினால் பை சட்டகத்தைவிட்டு விலகும். நடுவே ஓர் இடைவெளி, அடியில் ஒரு தாங்கு. இறைச்சி மூட்டையை அந்த இடைவெளியில் வைத்துப் பட்டிகளை இழுத்துவிட்டால் உடுப்பும் சாப்பாடும் ஒரு பக்கம், மான் தொடை மறுபக்கம். காலையில் அது 35 லீற்றர் பகல் பை. பின்னேரம் 40 கிலோ சுமக்கும் கூலியாள். விலை 700 டொலர். மழையுறைக்குத் தனிக் காசு.

சுமக்கிற புத்தி கடையில் பிறந்ததில்லை. இதே கனடாவில், உரோம வியாபாரக் காலத்தில், படகோட்டிகள் 90 இறாத்தல் பொதிகள் இரண்டை ஒரு தோல் பட்டியில் கட்டி, பட்டியை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஆற்றுக்கு ஆறு நடந்தார்கள். எங்கள் மலையகத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியதும் இதே முறைதான். 1920களில் லொயிட் நெல்சன் என்ற அமெரிக்கர், குச்சியும் சீல் தோலும் கொண்டு அலாஸ்காப் பழங்குடியினர் செய்த சுமைச் சட்டகத்தைப் பார்த்து, மரச் சட்டகத்தில் கன்வஸ் பை கட்டி 1924இல் காப்புரிமை வாங்கினார். 1952இல் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி அலுமினியச் சட்டகத்துக்கு மாறி, பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கினார். தலை, நெற்றி, தோள், இடுப்பு என்று சுமை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. விலை மட்டும் ஏறியபடி.

ஆனாலும் அந்தப் பையை நான் பழிக்கமாட்டேன். அது மொன்ரானா, ஐடஹோ, கொலராடோ மலைகளில் எல்க் சுடுகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. ஆண் எல்க் 300 கிலோ நிற்கும். தெருவிலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர் உள்ளே அதைத் தனியாளாகச் சுட்டவர், எலும்பை நீக்கி இறைச்சியை மட்டும் மூன்று நான்கு நடையாகச் சுமக்கவேண்டும். வேலிக்கு வேலி போய்க் கூப்பிட அங்கே ஆள் எங்கே? குஞ்சையாவுக்கு ஊர் செய்ததை ஒரு சட்டகமும் நாலு பட்டியும் செய்யவேண்டியிருக்கிறது. அந்த மலையில் 700 டொலர் மலிவு.

மருமகனின் வேட்டை அந்த மலையில் இல்லை. ஹலிபேர்ட்டன் பக்கத்துப் புதர்க்காட்டில். நான் முகாமுக்குச் சமையல்காரனாகப் போனேன். சமைப்பதற்கு அனுமதி அட்டை தேவையில்லை. விடியப்புறம் பையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவனைக் கூட்டாளிகள் நிறுத்திவிட்டார்கள். ஒன்ராறியோவில் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் இடுப்புக்கு மேலே, எல்லாப் பக்கமும் தெரிய, குறைந்தது 400 சதுர அங்குலம் பளீரென்ற செம்மஞ்சள் உடுத்தவேண்டும். தொப்பியும் அதே நிறம். இவனுடைய மேலங்கி செம்மஞ்சள்தான். ஆனால் மானின் கண்ணுக்குத் தப்பவென்று தேடி வாங்கிய காட்டு நிறப் பை முதுகை முழுதாக மூடிவிட்டது. பைக்குமேல் ஒரு செம்மஞ்சள் துணியைக் கட்டினார்கள். நாங்கள் இறைச்சியை ஆள் தெரியாமல் கொண்டுவந்த இனம். இங்கே ஆள் தெரியாவிட்டால்தான் குற்றம்.

பையில் தண்ணீர்ப் பையும் உறிஞ்சு குழாயும் இருந்தன. எட்டு மணிக்கெல்லாம் குழாய் உறைந்துவிட்டது. பதினொரு மணிபோல வெண்வால் மான் ஒன்று விழுந்தது. சுட்டது எழுபது வயது தாண்டிய ஒரு கிழவர். குடலை எடுத்தபின் 60 கிலோ வரும். மருமகன் பைக்கொளுவிகளைத் தளர்த்தத் தொடங்கினான். கிழவர் தன் வண்டியிலிருந்து, பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் மலிவான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை எடுத்துவந்து, மானை அதில் படுக்கவைத்துக் கயிற்றை மருமகனின் கையில் கொடுத்தார். சருகின்மேல் அது ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. 700 டொலர் பை தன் வாழ்நாளின் முதல் சுமையாக மூன்று சான்ட்விச்சைச் சுமந்து திரும்பியது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் எந்த மிருகம், தெரு எவ்வளவு தூரம், கூட எத்தனை பேர் என்று பாருங்கள், லீற்றர் பிறகு. கடையில் வெறும் பையைப் போட்டுப் பார்க்காதீர்கள், பாரம் ஏற்றச் சொல்லுங்கள். இறைச்சிக்குப் பருத்திப் பை வையுங்கள். குப்பைப் பையில் சூடு அடைத்து இறைச்சி கெட்டுப்போகும். நல்ல இறைச்சியைக் கெடவிடுவது இங்கே சட்டப்படியும் குற்றம். காட்டு இறைச்சியை விற்பதும் குற்றம்தான். இனசனத்துக்குப் பங்கு கொடுப்பதற்குத் தடையில்லை. ஆகவே என் மருமகனிடம் பங்கு கேட்டு வரலாம். காசு மட்டும் நீட்டிவிடாதீர்கள்.