புத்தகத்துக்குப் பல் பார்ப்பது

வாங்க மாப்ள, உட்காருங்க. உங்க சாப்பாட்டு மேசையில தட்டு வைக்க ஒரு சாண் இடம் கிடைக்குமான்னுதான் தேடிக்கிட்டிருந்தேன். பதினோரு புத்தகம் கிடக்கு. எண்ணிட்டேன். ஏழாங்கிளாஸ் போற ஒத்தைப் பிள்ளைக்குப் பதினோரு சயின்ஸ் புத்தகம்! எங்க வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு அலசல. சொஜ்ஜி ஆறுறதுக்குள்ள சரின்னுட்டீங்க.

கோவிச்சுக்காதீங்க. மாமனாருக்கு மாப்பிள்ளைகிட்ட பேசுறதுக்கு மழை, வெள்ளாமைன்னு ரெண்டு விஷயந்தான் உண்டு. டெக்சாஸ்ல உங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற புல்லுல ரெண்டும் கிடையாது. அதான் பேத்தி படிப்புல வாயைக் குடுக்குறேன்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தி வீட்டுலயே படிக்க வைக்கிறோம்னு செல்வி போன்ல சொன்ன அன்னிக்கு உங்க அத்தை ராத்திரி சாப்பிடல. எங்க பக்கம் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினா ஒண்ணு ஆடு மேய்க்க, இல்ல கல்யாணத்துக்கு. இங்க வந்த பெறகுதான் தெரியுது, இது சட்டமே ஒத்துக்கிட்ட ஏற்பாடுன்னு. வீட்டுப் படிப்பும் தனியார் பள்ளிக்கூடக் கணக்குதான்னு டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டே 1994-ல சொல்லிருச்சாமே. நீங்கதான் விளக்குனீங்க: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனா நடந்துக்கிறது, இந்த அஞ்சும் கட்டாயம். நான் ஒவ்வொண்ணா விரல் மடக்கிக்கிட்டு வந்தேன். அஞ்சும் மடங்கிருச்சு, சயின்ஸ் வரவே இல்ல. சர்க்கார் கேட்காத பாடத்துக்குத்தான் மூணு மாசமா நீங்க தூக்கம் கெட்டுக் கிடக்கீங்க. கேட்ட அஞ்சுல, நல்ல குடிமகனுக்கு மேசையில ஒரு புத்தகமும் காணோம். போகட்டும், அது உங்க மாமியாரைப் பார்த்துக் கத்துக்கட்டும்.

சாமி கலக்காத சயின்ஸ் வேணும்ங்கிறது உங்க கட்சி. நான் நாள் தவறாம திருநீறு பூசுற ஆளு. இருந்தாலும் இதுல உங்க கட்சிதான். வெண்பொங்கலுக்கு மிளகு வேணும். அதுக்காக பாயசத்துல அள்ளிப் போடுவாங்களா?

இங்க சங்கடம் என்னன்னா, வீட்டுப் படிப்புச் சந்தையில மிளகுப் பாயசம் கடைக்குக் கடை கிடைக்குது. சர்க்கார் பள்ளிக்கூடத்துல படைப்புக் கதையை சயின்ஸ்னு நடத்தச் சொல்லிச் சட்டம் போடக் கூடாதுன்னு 1987-லயே இந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டதா சொன்னீங்க. அந்தத் தீர்ப்பு பள்ளிக்கூட வாசலோட நின்னுரும். உங்க வீட்டுப் படி ஏறாது. இங்க ஹெட்மாஸ்டர், ஜட்ஜு, பியூன் எல்லாமே நீங்கதான். அதுலயும் பியூன் வேலையை நம்ம செல்விதான் பார்க்குறா.

சரி, மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கீங்களா? போயிருக்க மாட்டீங்க. தரகன் கை மேல துண்டைப் போட்டு, உள்ளுக்குள்ள விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசுவான். வெளியில நிக்கிறவனுக்கு சிரிப்பு மட்டுந்தான் தெரியும். நாம துண்டைப் பார்க்கக் கூடாது, மாட்டோட வாயைத் திறந்து பல்லைப் பார்க்கணும். புத்தகத்துக்கும் பல்லு உண்டு. கடைசிப் பக்கங்கள்ல ஏ-யிலேர்ந்து சொல் வரிசை போட்டிருக்காங்க பாருங்க, அதுதான் பல்லு. பரிணாமம்னு தேடுங்க, எத்தனை பக்கம் போட்டிருக்குன்னு பாருங்க. பூமியோட வயசைத் தேடுங்க. புதைபடிவம் எங்க வருதுன்னு பாருங்க. ஒத்தைப் பக்கம் போட்டு, அதுவும் அடிக்குறிப்பா இருந்துச்சுன்னா மாட்டுக்கு வயசாயிருச்சுன்னு அர்த்தம்.

இதோ இந்த அப்போலோஜியா புத்தகத்தை ஓரமாத் தள்ளி வச்சிருக்கீங்க. எனக்கு இவங்க மேல வருத்தமே இல்ல. அட்டையிலயே 'படைப்பை ஆராய்வோம்'ங்கிற மாதிரி பேரு வச்சிருக்காங்க. முனியாண்டி விலாஸ்னு போர்டு மாட்டின கடையில போய் சைவச் சாப்பாடு இல்லையான்னு சண்டை போட முடியுமா? வேணும்ங்கிறவன் வாங்குறான், வேண்டாங்கிறவன் நகர்றான்.

எனக்குப் பயம் அந்த வழவழ அட்டைக்காரன் மேலதான். 'எந்தக் கொள்கைச் சார்பும் இல்லாதது, எல்லாக் குடும்பத்துக்கும் ஏற்றது.' இவன் என்ன பண்றான்னா, சாமியையும் சொல்லல, பரிணாமத்தையும் சொல்லல, பூமிக்கு எத்தனை வயசுன்னும் சொல்லல. 'ரொம்ப நாளைக்கு முன்னாடி'ன்னு ஆரம்பிக்கிறான். எங்க ஆயா ராட்சசன் கதை சொல்றப்பவும் அப்படித்தான் ஆரம்பிக்கும். ரெண்டு பேரு காசும் வேணும்ங்கிறதுக்காக நடுவுல நிக்கிறவன் நடுநிலைமைக்காரன் இல்ல மாப்ள, வியாபாரி. அந்தப் புத்தகத்துல நீங்க அஞ்சு நட்சத்திரமும் அடிக்கோடும் போட்டு வச்சிருக்கீங்க, அதையும் பார்த்தேன்.

போன சனிக்கிழமை க்ளென் ரோஸ் கூட்டிட்டுப் போனீங்களே, அதுக்கு உங்களுக்குக் கோயில் கட்டலாம். பலக்ஸி ஆறு நம்ம மருதையாறு மாதிரி ஒல்லி ஆறுதான். ஆனா அடியில பாறை மேல டைனோசர் கால் தடம் கிடக்கு பாருங்க! கோழிக்கால் மாதிரி மூணு விரலு, அகலம் ஒரு முறம். பக்கத்துலயே யானைக்குத் தாத்தா மிதிச்ச மாதிரி, அண்டா வைக்கிற அளவு பள்ளம். 11 கோடியே 30 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி சேத்துல பதிஞ்சதுன்னு போர்டு சொல்லுது. பாப்பா அந்தப் பள்ளத்துக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு எழுந்திரிக்கவே இல்ல. நீங்க நிழல்ல நின்னு புத்தகம் ஒப்பிட்டுக்கிட்டிருந்தீங்க, செல்போன்ல.

அங்க போற ரோட்டுலயே ஒரு மியூசியம் இருக்கே, மனுசனும் டைனோசரும் ஒரே காலத்துல நடந்தாங்கன்னு காட்டுறதுக்காக 1984-லேர்ந்து நடக்குதாம். ஆத்துல மனுசக் கால் தடமும் இருக்குன்னு ஒரு பேச்சு. விசாரிச்சேன். கறி தின்னி டைனோசர் சில நேரம் குதிகால் பதிய நடக்குமாம். விரல் பதிஞ்ச இடத்துல சேறு மூடிருச்சுன்னா மிச்சம் இருக்கிறது நீட்டமா, ராட்சச மனுசன் கால் மாதிரி தெரியும். அவ்வளவுதான் சங்கதி.

ஆனா அதைவிட எனக்குப் பிடிச்சது வேற கதை. 1930-கள்ல பஞ்சம் வந்தப்ப அந்த ஊர்க்காரங்க சிலபேரு உளியை எடுத்து கல்லுல தாங்களே ராட்சசக் கால் செதுக்கி வித்திருக்காங்க. தப்புதான். ஆனா மழை பொய்ச்ச வருஷத்தைப் பார்த்தவனுக்கு அவங்களைத் திட்ட வாய் வராது. அப்படி வித்த போலிக் கல்லு நியூ மெக்சிகோவுல ஒரு கடையில கிடந்திருக்கு. ரோலண்ட் பேர்டுன்னு நியூயார்க் மியூசியத்து ஆளு 1938-ல அதைப் பார்த்து, போலின்னு கண்டுபிடிச்சு, இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிக்கிட்டே க்ளென் ரோஸ் வந்து நிஜத் தடத்தைப் பிடிச்சுட்டாரு. பாறையோட பெயர்த்து நியூயார்க்குக்கே கொண்டு போயிட்டாரு. போலியைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போகாம, எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டாரு பாருங்க. இந்தக் கதை உங்க பதினொண்ணுல எதுலயாவது இருக்கா? தேடிப் பார்த்தேன், இல்ல. ஆனா பதினொண்ணுலயும் வினிகர் ஊத்திப் பொங்க வைக்கிற எரிமலை இருக்கு.

நம்ம பக்கம் மட்டும் என்ன? அரியலூர் மண்ணுல ஏர் ஓட்டுனா கொழுமுனையில சங்கு கல்லு இடறும். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல்லு, கிளிஞ்சல் ஒட்டுன கல்லு. சிமெண்டு ஃபேக்டரி எல்லாம் எங்க ஊரைத் தேடி வந்ததே ஒரு காலத்துல கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்காகத்தான். அந்தக் கல்லையெல்லாம் ராட்சசன் தின்னுட்டுத் துப்பின நத்தைன்னு ஆயா சொல்லும். எங்க வாத்தியார் ஒருத்தர்தான், 'டேய், நீ நிக்கிற இடம் கடலுடா'ன்னாரு. நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டேன். சிரிக்காதீங்க, எட்டு வயசு. 2020-ல பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் ஏரியில டைனோசர் முட்டை கிடைச்சுருச்சுன்னு ஊரே திரண்டுச்சு. பார்த்துச் சொல்லத் தெரிஞ்சவங்க வந்து, அது முட்டை இல்ல, மண்ணு இறுகிப்போன உருண்டைன்னாங்க. கூட்டம் ஏமாந்து கலைஞ்சுருச்சு. கடலே இல்லாத ஏரிக்கரையில கடல் மண்ணு உருண்டு கிடக்கே, அது முட்டையைவிட அதிசயம்னு ஒருத்தனுக்கும் தோணல.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். இந்த ஊர்க்காரங்க சாமியை வெளியில நிறுத்தணும்னு பதினோரு புத்தகத்தைச் சலிச்சீங்க. நம்ம வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல போன மாசம் திருநள்ளாறு மேல செயற்கைக்கோள் ஸ்தம்பிச்சு நின்னுருதுன்னு அனுப்புனது யாரு? நாசாவே வியந்துச்சாம்! நாசா இந்த ஊர்ல, உங்க மாநிலத்துலயே, ஹூஸ்டன்ல ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கு. ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாம். அதுக்கு முந்தின வாரம் பிரம்மாவோட பகல் 432 கோடி வருஷம், பூமிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வயசு, நம்ம முன்னோர்களுக்கு அப்பவே தெரியும்னு அனுப்பினீங்க. பாப்பா அதைப் படிச்சுட்டு எங்கிட்ட வந்து கழிச்சுக் காட்டினா. எரிகல்லுல இருக்கிற ஈயத்தை அளந்து பேட்டர்சன்ங்கிறவரு 1956-ல சொன்னது 455 கோடி. நடுவுல 23 கோடி வருஷம் இடிக்குது, தாத்தாங்கிறா. டைனோசர் பொறந்து, ஆண்டு, செத்தது மொத்தமும் அந்த இடுக்குல அடங்கிரும், மிச்சம்கூட இருக்கும். நமக்கு 'கிட்டத்தட்ட'!

அந்த பேட்டர்சன் கதையைக் கேளுங்க. எதை அளந்தாலும் வெளியிலேர்ந்து ஈயம் வந்து கலந்து கணக்கைக் கெடுத்துச்சாம். அறையைத் துடைச்சுத் துடைச்சு, வருஷக் கணக்கா சுத்தம் பண்ணி, அப்புறந்தான் அளந்தாரு. பெட்ரோல்ல அப்ப கலந்துக்கிட்டிருந்த ஈயம் காத்தெல்லாம் பரவிக் கிடக்குதுன்னு அந்த வழியாத்தான் அவருக்குப் பிடிபட்டு, கம்பெனிகளோட மல்லுக்கு நின்னாரு. நம்ம 432-ஐ யாரு, எதை வச்சு அளந்தான்னு பிள்ளை கேட்டா என்ன சொல்லுவீங்க? புராணத்துல இருக்கட்டும், அழகா இருக்கு, நானே கதாகாலட்சேபத்துல கேட்டுத் தலையாட்டியிருக்கேன். சயின்ஸ் நோட்டுல எழுதினா முட்டை மார்க்குதான். கி.மு. 4004-ல உலகம் பொறந்துச்சுன்னு அஷர் பாதிரியார் கணக்குப் போட்டாரே, அவராவது பைபிள்ல தலைமுறை தலைமுறையா விரல் மடக்கிக் கூட்டினாரு. நீங்க அதுகூடப் பண்ணல, ஃபார்வர்டு மட்டும் பண்ணீங்க. 'ஊர்ல இப்படியெல்லாம் இல்லியே'ன்னு வேற பெருமூச்சு விடுறீங்க. 2023-ல தில்லிக்காரங்க பத்தாங்கிளாஸ் புத்தகத்துலேர்ந்து பரிணாமத்தைக் கத்தரிச்சாங்களே, அது எந்த ஊரு?

எதை வாங்குறதுன்னுதானே கேக்குறீங்க? என்னைக் கேட்டா பாண்டியா பிரஸ்னு ஒண்ணு இருக்கே, பேரைப் பார்த்ததுமே மதுரைக்காரங்கன்னு நினைச்சு எடுத்தேன். மதுரை இல்லியாம். ஆனா பல்லைப் பிடிச்சுப் பார்த்தேன், நல்லா இருக்கு. பரிணாமம் தனியா, தாராளமா வருது. காசு செலவழிக்க மனசில்லன்னா சிகே-12 இருக்கு, ஓசி. 2007-ல நீரு கோஸ்லாங்கிற அம்மாவும் முருகன் பால்ங்கிறவரும் ஆரம்பிச்சது. சாமி கலக்காத புத்தகத்தை நமக்கு ஓசியாக் குடுக்கக்கூட ஒரு முருகன்தான் வர வேண்டியிருக்கு பாருங்க! உங்க அத்தைகிட்ட சொன்னேன், உடனே சம்மதிச்சுட்டா. இந்த நெபெல் புத்தகம் மூணு பாகம், மூணாவது நம்ம பாப்பா வயசுக்கு. படம் கம்மி, பிள்ளைக்குக் குடுத்தா தூங்கிரும். அது பிள்ளைக்கு எழுதினது இல்ல மாப்ள, நடத்துறவருக்கு எழுதினது. உங்களுக்கு. அதனாலதான் அது அடியில கிடக்குதோ?

ஒண்ணை வாங்கிட்டு பத்தைத் திருப்பி அனுப்புங்க. மிச்சக் காசுக்கு எதுவும் வாங்க வேண்டாம். போன தீபாவளிக்கு வாங்கின மைக்ராஸ்கோப்பு அலமாரி மேல டப்பாவோட இருக்கு, டேப்புகூட பிரிக்கல. தூசி மட்டும் நல்லா வளர்ந்திருக்கு, பரிணாமம் மாதிரி.

அப்புறம் இன்னொண்ணு, கத்தாம கேளுங்க. உங்க அம்மா முக்திநாத் போனப்ப கொண்டாந்த சாளக்கிராமம் பூஜை அலமாரியில இருக்கே, அதைக் காலையில பாப்பா எடுத்துட்டா. நான்தான் எடுத்துக் குடுத்தேன். எங்க ஊர் ஆட்டுக்கொம்புக் கல்லு மாதிரியே சுருள், தாத்தா இதுவும் அம்மோனைட்டா, இமயமலையில எப்படிக் கடல் பிராணின்னு கேட்டுச்சு. அந்த மலையே முன்ன கடலடியா இருந்துச்சும்மான்னேன். வரி எத்தனைன்னு எண்ணிச்சு, நோட்டுல வரைஞ்சுச்சு. அப்புறம் தானாவே கையைக் கழுவிட்டு, கல்லையும் கழுவி, துடைச்சு, அலமாரியில வச்சு, கொல்லையில பூத்த மஞ்சப் பூ ஒண்ணும் மேல வச்சுட்டு வந்துச்சு. வரி முப்பத்தெட்டுங்கிறா, நான் எண்ணினா முப்பத்தாறுதான் வருது. எனக்குக் கண்ணாடி பவர் பத்தல. அந்த டப்பாவைப் பிரிக்கணும், கத்திரிக்கோலை எங்க வச்சிருக்கீங்க?