ஒரு தபா வந்தா போதுமா, பேராண்டி?

இன்னாடா, கொழந்தைக்கு ஒரு தபா பேதி வந்துட்டுப் போச்சாம், உடம்பு பழகிக்கிச்சாம், இனிமே சொட்டு மருந்தே வேணாமாம்! ஆம்பூர் ஷூ கம்பெனியில டாக்டர் பட்டமும் தர்றாங்களா?

நீ சொல்றதுல பாதி நெசம்தான். உடம்பு வட்டிக்காரன் மாதிரி, ஆளை மறக்காது. கிருமி வந்துட்டுப் போனா, வெள்ளை அணுவுல கொஞ்சம் அத்தை அடையாளம் வெச்சிக்கினு வருசக்கணக்கா உக்காந்திருக்கும். மொத தபா எதிர்ப்பு கூட ஒரு வாரம், பத்து நாளு ஆவும். மறு தபா ரெண்டு மூணு நாள்லயே எழும்பிடும். ஃபாரோ தீவுங்கள்ல 1846ல தட்டம்மை ஊரையே படுக்க வெச்சுது. 1781ல அது வந்து பொழைச்ச கெழடுங்களுக்கு மட்டும் மறுபடி வரலையாம். 65 வருச நெனப்பு! நீ போன மாசம் என்கிட்ட வாங்கினதையே மறந்துட்டே.

ஆனா எல்லாக் கிருமிக்கும் ஒரே கணக்கு இல்லடா. பாகாயத்துல சி.எம்.சி. டாக்டர் காலேஜுக்குப் பக்கத்துலயே கெழவனானவன் நான், இதுகூடவா காதுல விழாது? பேதி தர்ற ரோட்டா வைரஸுக்காக, சி.எம்.சி.காரங்க வேலூர்ல 373 கொழந்தைங்களைப் பொறந்ததுலேர்ந்து மூணு வருசம் கவனிச்சு 2011ல எழுதினாங்க. மெக்சிகோ புள்ளைங்களுக்கு ரெண்டு தபா தொத்தினாலே அப்புறம் கடும்பேதி இல்ல. நம்ம புள்ளைங்களுக்கு மூணு தபா தொத்தியும் 79 சதவீதம்தான் காப்பு. நீ ஒத்தை பேதியை வெச்சிக்கினு மீசை முறுக்குறே!

அதான் 6, 10, 14 வாரத்துல சொட்டு ஊத்தறாங்க. பேதியே வராதுன்னு சொல்லல. ஆஸ்பத்திரியில படுக்க வெக்கிற பேதி கொறையும்.

உன் கதைக்கு வருவோம். கத்தி கிழிச்சா மஞ்சளை அப்பிக்கினு வீரம் பேசறியே, ரணஜன்னி வந்து பொழைச்சவனுக்குக்கூட உடம்புல அந்த நெனப்பு நிக்காது, தெரியுமா? ஆளை சாய்க்க அந்தக் கிருமி விடற விஷம் துளியூண்டு போதும். அவ்ளோ கொஞ்சத்தை உடம்பு அடையாளம் புடிக்கறதில்ல. ஊசி போட்டாதான் நெனப்பு. அதுவும் நாளாக நாளாக மங்கும். அதனாலதான் 10 வயசுலயும் 16 வயசுலயும் மறுபடி போடறாங்க.

கெளம்பு, தடுப்பூசி அட்டையை எடு. கிருமியை நெனப்பு வெக்கிறது கொழந்தை உடம்போட வேலை, தேதியை நெனப்பு வெக்கிறது உன் வேலை. முடியலைன்னா உன் பொண்டாட்டிகிட்ட குடு; கல்யாணத்துல மொய் வெக்காத சித்தப்பன் பேரையே அவ இன்னும் மறக்கல.