தந்தி ஆபீஸ் பெரியப்பா

எங்கள் பெரியப்பா தந்தி ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அசோக் பில்லருக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் வீடு. முன்பெல்லாம் ட்விட்டர் என்றாலே அவருக்கு ஆகாது.

செய்தி சுருக்கமாக இருப்பதில் அவருக்குக் கோபமில்லை. காலமெல்லாம் சொல்லை எண்ணிக் காசு வாங்கியவர்தானே. தந்திக்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். பிரித்தால் பையனுக்கு வேலை கிடைத்திருக்கும். அழுதது அழுததுதான். "அந்த மரியாதை எங்கே, இட்லி சாப்பிட்டேன்னு ஊருக்கெல்லாம் சொல்றது எங்கே?" என்பார். 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடியபோது பழியை ட்விட்டர் தலையில் போட்டார். எஸ்.எம்.எஸ்ஸின் 160 எழுத்தில் பெயருக்கு 20 போக மிச்சம்தான் ட்விட்டரின் 140 எழுத்து வரம்பு என்று விளக்கினேன். "பெயருக்கு இடம் விட்டிருக்கானா? விஷயம் தெரிஞ்சவன்தான்" என்றார். அதற்கு மேல் இறங்கி வரவில்லை.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. அடையாறு கரைபுரண்டு ஜாபர்கான்பேட்டை மூழ்க, பெரியப்பா தெருவிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மறுநாள் இந்து பேப்பர் வரவில்லை. உலகம் அழிந்ததற்கு அவருக்கு அதுவே அத்தாட்சி. கரண்ட் போய், போனும் செத்துவிட்டது. புனேயிலிருந்து அக்கா ட்விட்டரில் போட்டாள்: "அசோக் நகர். தரைத்தளம். முதியவர் இருவர். இன்சுலின் தேவை." கீழே விலாசம். முன்பின் தெரியாத இரண்டு பையன்கள் தண்ணீரில் நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு அந்தச் செய்தியைக் காட்டியபோது பெரியப்பா சொன்னார்: "இன்சுலின்னாலே புரியாதா? 'தேவை' எதுக்கு? ஒரு சொல் தண்டம்."

ஆனால் அடுத்த வாரமே கணக்குத் திறந்து தரச் சொன்னார். இப்போது வெதர்மேன் பிரதீப் ஜான் என்ன சொல்கிறார் என்று பார்க்காமல் மாடியில் வடாம் காய்வதில்லை. 2017-இல் 140-ஐ 280 ஆக்கியபோது கொதித்துப்போனார். "காசு இல்லேன்னா வாய் நீளத்தான் செய்யும்!"

தமிழில் எழுதும்போதுதான் தகராறு. 'க்' என்று அடித்தால் இரண்டு எழுத்தாக எண்ணுகிறது. "புள்ளிக்குத் தனிச் சார்ஜா? எங்க ஆபீஸ்லகூட இந்த அநியாயம் கிடையாது!" அன்றிலிருந்து புள்ளி வைத்த எழுத்துகளைக் களையெடுத்துக்கொண்டிருக்கிறார். போன மார்கழியில் 'மனைவிக்குக் காய்ச்சல்' என்று அடித்து, ஐந்து புள்ளியா என்று மனம் பொறுக்காமல், 'மனைவி சுரம்' என்று சுருக்கிப் போட்டார்.

கச்சேரி சீசன். யாரோ ஒரு ரசிகர், "எந்த ராகம் சார்?" என்று கேட்டிருந்தார்.

போர்வைக்குள்ளிருந்து பெரியம்மா குரல் வந்தது: "முகாரின்னு போடுங்க."